அமானிதமாக வந்த கடற்கரை

டப்பாவைத் திறக்கும்போது மூக்கை முன்னால் நீட்டாதீர்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். பழைய பிலிம் கெட்டால் காடி வாடை அடிக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஏதோ ஊறுகாய் ஜாடியைத் திறப்பதுபோல நினைத்துக் குனிந்தீர்களென்றால், கொஞ்ச நேரத்துக்குக் கண்ணும் மூக்கும் உங்கள் வசத்தில் இருக்காது.

உங்கள் அனுபவத்தைப் புதுப் பிள்ளைகளுக்கு எழுதித் தாருங்கள் என்று யூனிட்டிலிருந்து போன் செய்தார்கள். மெஷினை எப்படி ஓட்டுவது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, அதை நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அது நான் ஓய்வு பெற்ற பிறகு, சங்கரன்கோவிலில் நடந்தது. அதற்கு முந்தைய நாற்பது வருஷ வேலையில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. சென்னையில் ஒரு லேபில், நெகட்டிவ் பிரிவில், கத்தரியும் வெள்ளைக் கையுறையுமாக ஆரம்பித்தவள். பிறகு வீட்டுப் பிலிம்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் நம் யூனிட்டுக்கு வந்தேன். கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானல் படகுச் சவாரி என்று பிறத்தியார் வீட்டுச் சந்தோஷத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கு வந்து, இனி பிலிம் என்றால் டி.வி.யில் வருவது மட்டும்தான் என்று நிம்மதியாக இருந்தேன். பக்கத்துத் தெருவில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? எங்கள் அக்கா பிலிமைத் தொட்டால் அது பேசும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

அதைக் கேட்டுத்தான் மைதீன் பாய் ஒரு நாள் காலையில் வந்தார். கடையநல்லூர்க்காரர். இங்கே பஜாரில் அவருக்கு ஜவுளிக்கடை. எழுபதை நெருங்கியவர். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு டப்பா இருக்கும்மா. ஆனா அது எஞ்சாமான் இல்ல. அமானிதம்” என்றார்.

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அவர் வீட்டுக் கணக்கில் அதற்குச் சட்டம் கடுமையானது. திறக்கக் கூடாது. பார்க்கக் கூடாது. உடையவர் கையில் கொடுத்து, வந்து சேர்ந்தது என்று அவர் வாயால் சொல்லக் கேட்கும்வரை அந்தச் சுமை இறங்காது. கொடுக்காமல் செத்தால் பிள்ளையின் தலைக்கு வரும். இவர் தலைக்கு அது மூன்றாவது தலைமுறையாக வந்திருந்தது.

அவருடைய பாட்டனார் செய்யது, ரங்கூனில் ஒரு யூத முதலாளியின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். அவர்களுக்கும் பன்றி ஆகாது, இவர்களுக்கும் ஆகாது. அதனால் அடுப்படி வரை நம்பி விட்டிருக்கிறார்கள். கோடையில் முதலாளி குடும்பம் பர்மாவிலேயே மோல்மேன் ஊருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் செய்யதும் கூடப் போவார். முதலாளிக்குச் சினிமா கேமரா பைத்தியம். கடற்கரையில் பிள்ளைகள் விளையாடுவதை வருஷா வருஷம் பிடித்து வைத்திருக்கிறார். பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்ததும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார் முதலாளி. அதற்குப் பிறகு கால்நடையாகப் புறப்பட்ட செய்யதின் கையில் இந்த டப்பாவைக் கொடுத்து, என் சம்சாரத்திடம் சேர்த்துவிடு என்றார். முதலாளி கல்கத்தா வந்து சேரவே இல்லை. செய்யது காடும் மலையுமாக நடந்து கல்கத்தா சேர்ந்தபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. டப்பாவோடும் மலைக்காய்ச்சலோடும் கடையநல்லூர் வந்தவர், சில வருஷத்தில் இறந்துபோனார்.

டப்பா பீரோவின் மேல்தட்டில் இருந்தது. வீட்டில் யாரும் திறக்கவில்லை. துபாயில் இருக்கும் மைதீன் பாயின் மகள், மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பெயரைப் போனில் தட்டித் தட்டித் தேடி, கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டாள். கப்பலேறிய பிள்ளைகளில் மூத்தவரான மிரியம் உயிரோடு இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அந்தப் பெண் அவருடைய பேத்தி.

நல்ல சேதிதானே பாய், அனுப்பி வைத்துவிடுங்கள் என்றேன். அனுப்ப நேரமில்லை என்றார். நாளை மறுநாள் மிரியம் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். மயக்க மருந்திலிருந்து எழுந்துவிடுவார் என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான், ரூபன். கல்கத்தா போன அதே வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். ரங்கூன் வீட்டோடு போட்டோவெல்லாம் எரிந்துவிட்டது. கண்ணை மூடினால் தம்பியின் தொப்பிதான் வருகிறது, முகம் வரவில்லை என்று அந்த அம்மா பேத்தியிடம் அழுதிருக்கிறார். ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

நான் முடியாது என்றுதான் சொன்னேன். இதை உங்களுக்கு ஒளிக்கவில்லை. இத்தனை வருஷம் மூடியே கிடந்த பிலிமை முறைப்படி திறந்து, காற்றாட விட்டு, ஈரப்பதம் கொடுத்து, மெல்ல மெல்லப் பிரிக்க மாதக் கணக்காகும். சென்னைக்குக் காரில் கொண்டுபோனால் ரோட்டுக் குலுக்கலிலேயே பாதி பொடியாகும். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எழுந்து வாசல் வரை போய்விட்டு, அங்கேயே நின்றார்.

“நாளைக்கு அந்தம்மா மௌத்தாயிட்டா, நான் இதை யாருகிட்டம்மா கொடுக்க?”

காப்பியைக் குடியுங்கள் பாய் என்றேன். அவர் குடித்தார். நான் ஒத்துக்கொண்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஜெபராஜின் ஸ்டுடியோவில் வைத்துக்கொண்டோம். மேலநீலிதநல்லூரில் அவனுக்கு ஒரு ரிசப்ஷன் இருந்தது. அதை இன்னொரு ஸ்டுடியோக்காரரிடம் தள்ளிவிட்டான். வாய் பெரிது என்றாலும் நல்லவன். ஸ்கேன் சென்டரிலிருந்து எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தோம், சூடேறாத வகை. அதன்மேல் கேமராவைக் கவிழ்த்து மாட்டினோம். பிலிமை மெஷினில் விடுகிற பேச்சே கிடையாது. கையால் பிரித்து, வெளிச்சத்தின்மேல் ஒரு விரற்கடை தூரமாக நகர்த்தி, நகர்த்திய ஒவ்வொரு துண்டையும் படம் எடுப்பது என்று முடிவு. ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன். காய்ந்த காற்று பிலிமை இன்னும் நொறுக்கும். பாய் கடையிலிருந்து புதுத் துண்டுகள் ஒரு கட்டு வந்தது. அவற்றை நனைத்து அறை முழுக்கத் தொங்கவிட்டோம்.

எல்லாம் சரியாயிற்று என்று நினைத்தபோதுதான் மேஜை நடுங்குவதைக் கவனித்தேன். சங்கரன்கோவிலில் சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்காத இடம் கிடைப்பது கஷ்டம். இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு விசைத்தறிக் கொட்டகையே இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, எனக்கும் விழவில்லை. ஆனால் அந்தக் குலுக்கலில் நொறுங்கும் பிலிமைத் தொட முடியாது. பாய் போய்ப் பேசினார். துணி வாங்கும் ஆள் என்பதால் மரியாதைக்கு ஒத்துக்கொண்டார்கள். அவசர ஆர்டர் இருக்கிறது, நாலு மணி டீ வரைக்கும்தான் நிறுத்துவோம் என்றார்கள். தறி ஓடினால்தான் அவர்களுக்குக் கூலி. அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

சத்தம் நின்றது. போனில் சிட்னி வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த மிரியம் அம்மா, பக்கத்தில் பேத்தி. அம்மாவுக்கு நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறக்கலாமா என்று உடையவரிடம் கேட்கச் சொன்னார் பாய். கேட்டேன். திறங்கள் என்றார். பாய் பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

ஜெபராஜ் சிரித்தான். “பாய், தெறந்தாச்சில்லா, இனி பாக்கதுக்கென்ன?”

“அவங்க தெறக்கச் சொன்னாவ. என்னைப் பாக்கச் சொல்லல.”

மூடியைச் சுற்றி மெழுகுத் துணி ஒட்டியிருந்தது. கத்தியால் கீறி நெம்பினேன். அந்த வாடை வந்ததும் ஜெபராஜ் வெளியே ஓடிவிட்டான். எனக்குக் கண்ணீர் கொட்டியது. பிலிமின் வெளிச்சுற்றுகள் அப்பளம்போல நெளிந்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தன. திரும்பி வந்த ஜெபராஜ் ஏன் அக்கா இப்படி என்று கேட்டான். பிலிம் கெடும்போது அதிலிருந்து அமிலம் கசியும், காற்றுப் போகாமல் அடைத்து வைத்தால் அந்த அமிலமே திரும்பத் திரும்பப் பிலிமைத் தின்னும் என்று பாடம் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் சுவரோரம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைவு வந்தது.

பாய் திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

“அப்போ நாங்க தெறந்து வச்சிருந்தா நல்லா இருந்திருக்குமோ?”

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வீட்டுக்காரர்கள் ஆசை ஆசையாகப் பாதுகாத்தே கெடுத்த பிலிம்தான் நம்மிடம் அதிகம் வருகிறது. பொய் சொல்லாதீர்கள். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தியும் விடாதீர்கள். ஆமாம் பாய், மாதம் ஒருமுறை திறந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்றேன். அவர் தலை குனிந்தது. மீதியையும் சொன்னேன்.

“ஆனா தெறந்தவங்க வீட்ல எல்லாம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும் பாய். பிள்ளைங்க உருவி வெளையாடும். வாடை அடிக்குன்னு ஒரு மருமக தூக்கிப் போடுவா. தெறந்திருந்தா இது நல்லா இருந்திருக்கும். ஆனா, இன்னைக்கு நம்ம கையில இருந்திருக்காது.”

அவர் நாற்காலியைச் சுவரோடு இன்னும் ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஆரம்பியுங்கள் அம்மா என்றார்.

ஆரம்பித்தோம். வெளிச்சுற்றுகள் தொட்ட இடத்தில் ஒடிந்தன. ஒடிந்ததை ஒடிந்தபடியே வரிசையாக வைத்துப் படம் எடுத்தோம். ஜெபராஜ் ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்க, அது சிட்னியில் தெரிந்தது. முதலில் வெறும் கடல். பிறகு ஒரு குடை, குடையடியில் முழங்கால் வரை மறைத்த நீச்சல் உடையில் இரண்டு பெண்கள். மிரியம் அம்மா ஒருத்தியைப் பார்த்து ‘அம்மா’ என்றார். அவரைவிட ஐம்பது வயது இளைய அம்மா. அடுத்து மணலில் ஒரு சிறுமி கரணம் அடித்தாள். அது நான் என்று சொல்லிச் சிரித்தார். பையன் வரவில்லை. இன்னும் கடல், இன்னும் குடை. மதியச் சோறு யாருக்கும் நினைவில்லை.

சுருள் பாதியாக இளைத்தபோது பிலிம் நின்றுவிட்டது. அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, அச்சு வெல்லம்போல ஒரே கட்டியாக இருந்தன. புத்தகப்படி அந்த இடத்தில் வேலையை நிறுத்த வேண்டும். இழுத்தால் ஒரு சுற்றின் படம் உரிந்து அடுத்ததின் முதுகில் ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டுமே பாழ்.

நான் நிறுத்தியதும் பேத்திக்குப் புரிந்துவிட்டது. இழுங்கள், பரவாயில்லை, நாளைக்கு ஆபரேஷன், தயவுசெய்து இழுங்கள் என்றாள். பாய் சுவரைப் பார்த்தபடி அந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்டார். சொன்னேன்.

“வேண்டாம்மா. முழுசா ஒப்படைக்கணும். மூணு பேர் சொமந்த சாமான், என் கையில வந்து பிய்யக்கூடாது.”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக ஆகிவிடுமோ என்று பிலிமிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒருத்தி அழுகிறாள், ஒருத்தர் கெஞ்சுகிறார், டீ நேரம் நெருங்குகிறது. இப்படிப்பட்ட சமயத்தில் எவ்வளவு அவசரம் என்று யோசிக்காதீர்கள். யாருடைய அவசரம் என்று கேளுங்கள். பேத்தியின் அவசரம் பாசம். பாயின் நிதானம் பயம். என் தயக்கத்தில் பாதி, ஒரு நல்ல பிலிமைக் கெடுத்தவள் என்ற பெயர் வந்துவிடக் கூடாதே என்பது. பொருள் எங்கள் மூன்று பேருடையதும் இல்லை. பேத்தியை நகரச் சொல்லிவிட்டு, மிரியம் அம்மாவிடமே நேராகப் பேசினேன். பிரித்தால் சில படங்கள் நிச்சயம் போய்விடும். உள்ளே உங்கள் தம்பி இருக்கிறானா என்றும் எனக்குத் தெரியாது. பிரிக்காமல் சென்னைக்கு அனுப்பினால் அதிகம் மிஞ்சும், ஆனால் மாதங்களாகும். என்ன செய்ய?

அவர் மெதுவாகச் சொன்னதை நான் தமிழில் பாய்க்குச் சொன்னேன். இதை முழுதாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாங்கள் பார்ப்பதற்காகத்தானே செய்யது இதைச் சுமந்துகொண்டு நடந்தார்.

தன் பாட்டனார் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததும் பாயின் தோள்கள் இறங்கின. உடையவர்கள் சொல்லிவிட்டார்கள், இனி உங்கள் கை என்றார்.

இழுக்கவில்லை. பழைய எக்ஸ்ரே தாள் ஒன்றை நாக்கு மாதிரி மெல்லிசாக வெட்டி, இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில் மயிரிழையாக நுழைத்தேன். ஒரு சின்னச் சத்தத்தோடு ஒரு சுற்று விட்டது. படம் தப்பியிருந்தது. அடுத்த சுற்றில் பாதி உரிந்துபோனது. அதற்கடுத்தது தப்பியது. அந்தத் தாள் நான்காவது சுற்றுக்குள் இருக்கும்போது சுவர் அதிர்ந்தது. தறி ஓட ஆரம்பித்துவிட்டது. மேஜை நடுங்கி, என் விரலுக்கடியில் பிலிம் நீளமாகக் கீறிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கையை எடுத்தால் இன்னும் கீறும், எடுக்காவிட்டாலும் கீறும். மூச்சை நிறுத்திக்கொண்டு அப்படியே இருந்தேன்.

பாய் எழுந்தார். அந்த நேரத்திலும் மேஜையைப் பார்த்துவிடக் கூடாது என்று சுவரைத் தடவிக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார். கொட்டகையில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. தறி ஒவ்வொன்றாக அடங்கியது. அதே நண்டு நடையில் திரும்பி வந்து உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆனாலும் ஓட்ட மாட்டார்கள், நீங்கள் பதறாதீர்கள் என்றார். பதறாத காரியம் சிதறாது என்று நான் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன். அன்று எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

கீறிய சுற்று போய்விட்டது. அதற்கு உள்ளே இருந்த சுற்றை வெளிச்சத்தில் வைத்தேன். ஜெபராஜ் பெரிதாக்கினான். மணலில் ஒரு பையன், தலையில் பர்மிய ஓலைத் தொப்பி.

போனில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. தொப்பியின் விளிம்பு பையனின் முகத்தை முழுக்க மறைத்திருந்தது. அடுத்த துண்டிலும் தொப்பி. அதற்கடுத்ததில் அவன் கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டான், முதுகும் தொப்பியும். அந்த அம்மா ஆயுள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதையேதான் பிலிமும் காட்டியது. இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன். கட்டி கரைய இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். தாளை நுழைத்தேன். விட்டது. ஒரு அலை வந்து பையனின் முட்டியில் மோதியது. அடுத்த துண்டில் அவன் சாய்ந்தான். அடுத்ததில் தொப்பி தண்ணீரில் கிடந்தது. ரூபன் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மிரியம் அம்மா திரையில் விரலை வைத்துத் தடவினார். முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, நான் எப்படி இதை மறந்தேன் என்றார். அழுதார். ஜெபராஜும் அழுதான். நானும்தான், அதற்குக் காடி வாடையைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

பாய் ஒருவர் மட்டும் முதுகைக் காட்டியபடி இருந்தார்.

“கிடைச்சிட்டாம்மா? அப்போ சாமான் வந்து சேந்துட்டுன்னு அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க.”

கேட்டேன். மிரியம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வந்து சேர்ந்தது என்று தெளிவாகச் சொன்னார். பாய் அல்ஹம்துலில்லா என்றார். பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர்போல இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்து, மறுபடியும் சுவரோரமாகவே வாசலுக்கு நடந்தார்.

வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனாலும் கை பழக்கத்தில் அடுத்த துண்டை நகர்த்திவிட்டது. அலைக்குள் ஓர் ஆள் ஓடிவந்து கொண்டிருந்தார். வெள்ளைப் பனியன், மடித்துக் கட்டிய கைலி, தலையில் தொழுகைத் தொப்பி. குனிந்து பையனை அள்ளித் தூக்கினார். சிட்னியிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. செய்யது, செய்யது. அவர் பேரனைப் போகவிடாதீர்கள், இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள்.

பாயிடம் சொன்னேன். வாசலில் நின்றாரே தவிர, திரும்பவில்லை.

“எங்க வாப்பாவோட வாப்பா போட்டோவுக்கே நிக்க மாட்டாவளாம். எங்க வீட்ல ஒரு படம் கெடையாது. நான் பாத்ததே இல்லம்மா. ஆனா இது அடுத்தவங்க சாமான்.”

அதையும் சொன்னேன். மிரியம் அம்மாவின் பதில் உடனே வந்தது. இந்தப் பகுதி எங்களுடையது இல்லை. இது அவருடைய பாட்டன். இவ்வளவு நாள் என் அமானிதத்தை அவர் வைத்திருந்தார், இதை நான் அவரிடம் ஒப்படைக்கிறேன், வந்து சேர்ந்தது என்று அவர் சொல்ல வேண்டும்.

மைதீன் பாய் திரும்பினார்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து மிரியம் அம்மா எழுந்துவிட்டார். இப்போதும் இருக்கிறார், பாயோடு வெள்ளிதோறும் வீடியோவில் பேசுகிறார். யார் பாஷை யாருக்குப் புரிகிறது என்று கேட்காதீர்கள். அந்தப் பிலிமை இனி ஒருபோதும் பிரிக்க முடியாது. அன்று எடுத்த படங்கள்தான் இருக்கின்றன. கீறிப்போன அந்தச் சுற்றில் என்ன இருந்தது என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு சுற்று வாய்க்கும். அது போனதற்காக அடுத்த சுற்றைத் தொடாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்று மாலை ஸ்டுடியோவில் கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்தத் துண்டுப் படங்களை ஜெபராஜ் கல்யாண வீடியோ கோக்கிற சாப்ட்வேரில் வரிசையாகக் கோத்து ஓட்டினான். சில விநாடிதான். செய்யது ஓடிவருகிறார், பையனைத் தூக்குகிறார், மார்போடு அணைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நடக்கிறார். அவர் வாய் அசைகிறது. பையனிடம் எதையோ சொல்கிறார். சத்தம் கிடையாது, பிலிமின் ஓரத்தில் செய்யது மறைந்துவிடுகிறார். பாய் திரைக்கு மிக அருகில் போய் நின்றார்.

இரண்டாவது தடவை ஓட்டியபோது, அந்த வாய் அசையும் இடத்தில், போனிலிருந்து குரல் வந்தது. மிரியம் அம்மா தமிழ் தெரியாதவர். இத்தனை வருஷம் அர்த்தம் தெரியாமலே அதை வைத்திருந்திருக்கிறார். அலை வரும்போதெல்லாம் செய்யது எங்களிடம் இதைத்தான் சொல்வார் என்று பிறகு சொன்னார்.

“பைய, மக்கா. பைய.”

மெதுவாக, பிள்ளைகளா என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. செய்யதை நேரில் பார்த்தவர், அவர் குரலைக் கேட்டவர் உலகத்தில் இப்போது மிரியம் அம்மா ஒருவர்தான். பாய் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதை மறந்தே போனார். மூன்றாவது தடவை ஓட்டி முடித்ததும் ஜெபராஜின் தோளில் கை வைத்தார்.

“கொஞ்சம் பைய ஓட்டும், தம்பி. சீக்கிரம் போயிருதாவ.”